ஓட்டு கேட்டு வந்தவரிடம் கணக்கு கேட்டால்

உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு கேட்டு வந்தவர்களிடம் கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது? மூன்று ஊர், மூன்று பேரின் அனுபவம்.

2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல் சமயம் நடந்தது இது. திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். 2016 அக்டோபரில் பழைய தலைவர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று வருஷம் அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம்தான், குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைப் பிடித்துக் கேட்பது என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. அப்போது முன்னாள் தலைவர் மறுபடியும் பூட்டு சாவி சின்னத்தில் நின்றார். (ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் யார் எந்தக் கட்சி என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், அது வேற விஷயம்.)

வீட்டு வாசலுக்கு வந்தவரிடம், "அண்ணே, உங்க காலத்துல மோட்டார் ரிப்பேர்னு அடிக்கடி பில் போட்டதா ஊரே பேசுது, அந்தக் கணக்கை எங்க பார்க்கலாம்?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மச்சினன் பாய்ந்துவிட்டார். "யாரு சொல்லிக் குடுத்துக் கேக்குற? அந்தக் கோஷ்டிகிட்ட எவ்வளவு வாங்குன?" தலைவர் அவரை அதட்டவில்லை, கோபப்படவும் இல்லை. "ஜெயிச்சு வந்ததும் உக்காந்து பேசுவோம் தம்பி" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜெயித்தார். 2020 ஜனவரி 26 கிராம சபைக்குப் போனேன். வரவு செலவுச் சுருக்கத்தை, அதாவது படிவம் 30-ஐ, மக்கள் பார்க்கிற மாதிரி பிளக்ஸில் வைக்க வேண்டும். பிளக்ஸ் இருந்தது, சுருட்டி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். விரிக்கச் சொன்னேன். ஊராட்சி செயலர் முகத்தைச் சுளித்தாலும் விரித்துவிட்டார். பழைய மோட்டார் கணக்குக்கு தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக மனு போடச் சொன்னார்கள், போட்டேன். அன்றைக்கு யாரும் என்னை எந்தக் கோஷ்டி என்று கேட்கவில்லை. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டதே அதே மச்சினன்தான்! தேர்தல் நேரத்தில் எந்தக் கேள்வியும் எதிராளியின் கேள்வியாகத்தான் காதில் விழுகிறது, அதையே ஜனவரியில் கேட்டால் வெறும் கேள்வி.

*

எங்களுக்கு அந்த 2019-ல் தேர்தலே நடக்கவில்லை, தென்காசி மாவட்டம் பிரிந்த புதுசு, 2021 அக்டோபரில்தான் ஓட்டு போட்டோம். எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கியது. பிரச்சாரத்துக்கு வந்த கூட்டத்தில் வேட்பாளர் அக்கா பின்னால் நிற்கிறார், பேசுவது முழுக்க அவர் வீட்டுக்காரர். என் மாமியார் சும்மா இருக்காமல், "நாளைக்கு செக்குல கையெழுத்து போடப் போறது யாரு, அவளா நீயா? அவளைப் பேசச் சொல்லு" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்கா முன்னால் வந்து தெருவிளக்கு, வாய்க்கால், ரேஷன் கடை என்று அவ்வளவு தெளிவாகப் பேசினார், அதுவரை ஏன் பின்னால் நின்றாரோ தெரியவில்லை. நாங்கள் அவருக்குத்தான் போட்டோம். ஜெயித்த பிறகும் வேலை நடக்கிற இடத்துக்கு வீட்டுக்காரர்தான் முதலில் வந்தார். ஆனால் கிராம சபையில் மைக் அக்கா கையில்தான் இருந்தது, மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

*

சென்னையில் இருக்கிறேன், 200 வார்டில் ஒன்று. 2022 பிப்ரவரியில் வார்டு வேட்பாளரிடம் மழைநீர் வடிகால் பற்றிக் கேட்டதற்கு அவர் ஆட்கள் என்னை போனில் படம் பிடித்தார்கள். பயமாகத்தான் இருந்தது. நானும் போனை எடுத்து அவர்களைப் படம் பிடிக்க ஆரம்பித்தேன், அவர்களே முதலில் நிறுத்திவிட்டார்கள். நமக்கு கிராம சபை மாதிரி நகரத்தில் ஏரியா சபை என்று வந்திருக்கிறதே, அதில் யாராவது வடிகால் கணக்கு கேட்டுப் பார்த்தீர்களா? எங்கள் வார்டில் கூட்டம் எப்போது என்பதே முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில்தான் தெரிகிறது.