ஐ.எஸ்.பி.என். எண்கள் தொலைந்த புத்தகப் பட்டியலை மீட்க வழி உண்டா?

நான் 11 ஆண்டுகளில் படித்த 1,140 புத்தகங்களின் பட்டியல் சிதைந்து நிற்கிறது. அதை வைத்திருந்த தளம் மூடப்படும் முன் சி.எஸ்.வி. கோப்பாக (அட்டவணை விவரங்களை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) இறக்கினேன். ஸ்பிரெட்ஷீட்டில் திறந்து அப்படியே சேமித்தேன், அங்கேதான் தப்பு நடந்தது. ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் தனி அடையாள எண். அதில் 10 இலக்க எண்களின் முன்னால் இருந்த பூஜ்யங்கள் போய்விட்டன. 13 இலக்க எண்கள் அடுக்குக்குறி வடிவுக்கு (9.78E+12 போல) சுருங்கி, கடைசி இலக்கங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. வேறு பிரதி இல்லை. தளமும் இப்போது இல்லை.

பூஜ்யங்களைத் திரும்பச் சேர்த்ததில் 430 நூல்கள் சரியாகி லைப்ரரிதிங் என்ற புத்தகப் பட்டியல் தளத்தில் ஏறிவிட்டன. மீதி 710. அவற்றை ஓப்பன் லைப்ரரி என்ற இணைய நூலகத் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடுகிறேன். மூன்று வாரத்தில் 85தான் முடிந்தது. ஒரே நூலுக்குப் பத்துப் பதிப்பு வருகிறது, நான் படித்தது எது என்று பிரிப்பதற்கே நேரம் போய்விடுகிறது. நல்ல வேளை, தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு, அப்புறம் என் குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஐ.எஸ்.பி.என். முறை வருவதற்கு முந்தைய பழைய பதிப்புகளை விட்டுவிடலாம், அவற்றுக்கு எண்ணே கிடையாது.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. இந்த நான்கு விவரங்களை வைத்து, சரியான பதிப்பின் எண்ணை மொத்தமாகத் தேடித் தரும் இலவசத் தளமோ கருவியோ எது?