சி டிரைவை விரித்தல்: புதுப்பிப்பு

பத்தமடையில் சித்தப்பாவின் பாய்க்கடைக் கணினியில் சி டிரைவ் நிரம்பியதையும், டி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி விடுவித்த பின்னும் சி-யை விரிக்க உதவும் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ தெரிவு சொடுக்க முடியாமல் மங்கியே கிடந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. விடுவித்த இடம் டி-க்கு அப்பால் இருந்தது. டிரைவ்களைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியோ, சி-யை ஒட்டி வலப்புறம் இருக்கும் காலியிடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும், நடுவிலுள்ள பகிர்வை (பார்ட்டிஷனை, இங்கே டி-யை) நகர்த்தாது. எனவே கணக்குகளை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, சில கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிட்டு, விண்டோஸை முழுமையாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்து முழுமையாக ஷட்டவுன் செய்தபின், பென் டிரைவிலிருந்து பகிர்வுகளை நகர்த்தவல்ல ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளை இயக்கி டி-யை வலப்புறம் நகர்த்தினேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இடையில் மின்சாரம் போனால் டி-யே சிதைந்துவிடக்கூடும் என்பதால், சேரன்மகாதேவியில் இன்வெர்ட்டர் உள்ள மாமா வீட்டுக்குக் கணினியைக் கொண்டுசென்றே இதைச் செய்தேன். பின்பு விண்டோஸில் சி-யை விரிக்கச் சில நொடிகளே ஆயின. ஒரு கோப்பும் தொலையவில்லை.