பொருள்: ஹெலிகேஸ் – முறுக்கவிழ்ப்பியா, புரிபிரிப்பியா?

> ஹெலிகேஸ் = முறுக்கவிழ்ப்பி.
> 'சுருளவிழ் நொதி' என்றும் வைத்துக்கொள்ளலாம்.

குழுவினருக்கு வணக்கம்.

டி.என்.ஏ.வின் இரு இழைகளைப் பிரிக்கும் நொதியான ஹெலிகேஸுக்குப் பட்டியலில் தந்திருக்கும் 'முறுக்கவிழ்ப்பி' நல்ல சொல்தான், ஆனால் அதற்கு உரிய ஆள் வேறு. செல்லுக்குள் முறுக்கைக் குறைப்பதையே தொழிலாகக் கொண்ட நொதி ஒன்று தனியாக உண்டு: டோபோஐசோமெரேஸ். இந்தப் பெயரை ஹெலிகேஸுக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அதற்கு என்ன பெயர் வைப்பது?

இரண்டு புரியாகத் திரித்த கயிறு ஒன்றை எடுத்து, இரு முனையையும் அசையாமல் கட்டிவிடுங்கள். நடுவில் விரலை நுழைத்துப் புரிகளைப் பிரியுங்கள். விரல் இருக்கும் இடத்தில் புரிகள் விலகும். ஆனால் அங்கிருந்த முறுக்கு எங்கும் போய்விடாது, பக்கத்துக் கயிற்றில் ஏறி அதை இன்னும் இறுக்கும். ஹெலிகேஸ் அந்த விரல். ஈ. கோலை போன்ற பாக்டீரியாவின் வட்ட டி.என்.ஏ.வில் இரு இழைகளும் ஒன்றையொன்று எத்தனை முறை சுற்றியிருக்கின்றனவோ, அந்த எண்ணிக்கையில் ஹெலிகேஸால் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. அதைக் குறைக்க வேண்டுமானால் இழையை வெட்டி, சுழலவோ கடக்கவோ விட்டு, மறுபடி ஒட்ட வேண்டும். டோபோஐசோமெரேஸ் செய்வது அதைத்தான்.

இந்தச் சிக்கலை இரு நொதிகளும் தெரியவருவதற்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டார். வாட்சனும் கிரிக்கும் 1953இல் இரட்டைச் சுருளை முன்வைத்தார்கள். இவ்வளவு முறுக்கிய இழைகள் எப்படிப் பிரியும் என்று அடுத்த ஆண்டே மேக்ஸ் டெல்புரூக் கேள்வி எழுப்பி, வெட்டி ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றார். அவர் வரைந்து காட்டிய வழி அப்படியே நிற்கவில்லை என்றாலும், கேள்வி சரியான கேள்வி.

அளவைச் சொன்னால் இன்னும் விளங்கும். ஈ. கோலையில் டி.என்.ஏ. நகலாகும்போது கவை (இழைகள் பிரியும் இடம்) நொடிக்கு ஏறத்தாழ 1000 கார இணை வேகத்தில் நகர்கிறது. ஒரு சுற்றுக்குப் பத்தரை இணை என்றால் நொடிக்கு ஏறத்தாழ 95 சுற்று முறுக்கு முன்னால் சேர்கிறது. அதை உடனுக்குடன் தளர்த்த ஆள் இல்லையென்றால் கவை நின்றுபோகும். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை பாக்டீரியாவைக் கொல்வது இந்த இடத்தில் கைவைத்துத்தான். அது பிடிப்பது டோபோஐசோமெரேஸ் வகை நொதிகளை, ஹெலிகேஸை அல்ல. இரண்டுக்கும் 'அவிழ்ப்பி' என்றே பெயரிட்டால் மருந்தியல் படிக்கும் பிள்ளைக்கு எது எதென்று தெரியாது.

ஈ. கோலையில் ஹெலிகேஸாக இருப்பது டிஎன்ஏ-பி என்ற புரதம். ஆறு துண்டு சேர்ந்த வளையம். ஓர் இழை வளையத்துக்குள்ளே போகிறது, மற்றது வெளியே ஒதுக்கப்படுகிறது. ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்து வளையம் உள்ளிருக்கும் இழைமேல் ஏறிப் போகப் போக, வெளி இழை தன் இணையை விட்டு விலகுகிறது. வேடிக்கை என்னவென்றால் தனியாக விட்டால் டிஎன்ஏ-பி மந்தம். பின்னால் வந்து புது இழையைக் கட்டும் பாலிமரேஸ் கூட்டணியோடு பிணைந்த பிறகுதான் அந்த ஆயிர வேகம் வருகிறது. நம் செல்களில் இந்த வேலைக்கு எம்.சி.எம். வளையம். அதுவும் ஆறுதான், ஆனால் ஆறும் வெவ்வேறு புரதங்கள். அது ஏறுவது எதிர் இழைமேல், எதிர்த் திசையில்.

ஆக இந்த நொதியின் தொழில் பிரிப்பது. எதைப் பிரிக்கிறது? புரியை. கயிறு திரிப்பவர் வாயில் இன்றும் வழங்கும் சொல் அது. பழமையும் உண்டு: நற்றிணை 284இல் இரு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் 'தேய்புரிப் பழங்கயிறு' வருகிறது, பாடியவருக்கே அது பெயராகிவிட்டது.

என் பரிந்துரை: புரிபிரிப்பி.

'புரிப்பிரிப்பி' என்று ஒற்று மிகுக்க வேண்டாம். வழியைக் காட்டுவது வழிகாட்டி. 'வழிக்காட்டி' என்று யாரும் எழுதுவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எதிர்த்தரப்புக்கு நல்ல சாட்சி உண்டு. 1976இல் ஹைடல்பெர்க்கில் ஹாஃப்மன்-பெர்லிங் குழு ஈ. கோலையில் இந்த நொதியைக் கண்டபோது 'டி.என்.ஏ.வை அவிழ்க்கும் நொதி' என்ற பொருளில்தான் எழுதினார்கள். ஹெலிகேஸ் என்ற பெயர் பிறகு வந்தது. அவர்கள் அப்படி அழைத்தார்கள் என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டுமா?

---

> என் பரிந்துரை: புரிபிரிப்பி.

அன்பின் ஐயா,

கயிற்று விளக்கம் நல்லாயிருக்கு. வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். ஆனால் எனக்கு மூன்று ஐயம்.

ஒன்று, தமிழ் விக்கிப்பீடியாவில் குரோமோசோமுக்கு 'நிறப்புரி' என்று இருக்கிறது. எங்கட இலங்கைப் பாடநூல்களில் அது நிறமூர்த்தம், ஆகவே எங்களுக்குச் சிக்கல் குறைவு. ஆனால் விக்கி படித்து வருகிற ஒருவர் புரிபிரிப்பி என்றதும் செல் பிரியும்போது நிறப்புரிகளைப் பிரிக்கும் ஏதோ ஒன்று என்று நினைக்க மாட்டாரா?

இரண்டு, டி.என்.ஏ.யை மட்டும் பார்க்கிறீர்கள். ஆர்.என்.ஏ. ஹெலிகேஸ் ஒரு பெரிய கூட்டம். புரதம் செய்யும் ரைபோசோம் வாசிக்கத் தொடங்குமுன் தூது ஆர்.என்.ஏ.யின் மடிப்புகளை நீக்குவது அவற்றில் ஒன்று. அங்கே ஒரே இழை தன்மேல் தானே மடிந்து கிடக்கும். கொரோனா வைரசிடமும் சொந்த ஹெலிகேஸ் இருக்கிறது.

மூன்றாவதுதான் கடினம். 2008இல் பிரிந்த இழைகளைத் திரும்பச் சேர்க்கும் ஹெலிகேஸ் ஒன்றைக் காட்டினார்கள். பிரிப்பி என்று பெயர் வைத்துவிட்டு, சேர்க்கிற பிரிப்பி என்று பாடம் நடத்துவதா?

மற்றபடி '-இ' விகுதியோடு முடித்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் நொதி என்பீர்கள், நாங்கள் நொதியம் என்போம். அந்தப் பழைய சண்டை இதில் இல்லை.

---

> சேர்க்கிற பிரிப்பி என்று பாடம் நடத்துவதா?

அம்மா,

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் குழப்பம் நம் சொல்லால் வந்ததல்ல. ஹெலிகேஸ் என்பது பாதி தொழிற்பெயர், பாதி குடும்பப்பெயர். கோர்பலேனியாவும் கூனினும் 1993இல் புரதங்களின் அமினோ அமில வரிசை ஒற்றுமையை வைத்துக் குடும்பம் பிரித்தார்கள். அந்த முத்திரை இருந்தும் எதையும் பிரிக்காதவை உண்டு. குரோமாட்டினில் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரத உருண்டைகளைத் தள்ளி நகர்த்தும் புரதங்கள் டி.என்.ஏ.மேல் ஓடும், இழையைப் பிரிக்காது. ஆகவே தொழிலுக்குப் புரிபிரிப்பி. குடும்பத்தைச் சொல்லும்போது 'புரிபிரிப்பிக் குடும்பப் புரதம்'. நீங்கள் சொன்னதற்குப் 'புரிசேர்ப்பி' என்று தனிப்பெயரே கொடுத்துவிடலாம்.

ஆர்.என்.ஏ. மடிப்பில் ஒரே இழையானாலும், இணை சேர்ந்த பகுதியில் இரண்டு புரிதான். அங்கும் வேலை அதே வேலை. ஓட்டம்தான் வேறு: அந்தக் கூட்டத்தில் பல இழைமேல் ஏறிப் போவதில்லை, நின்ற இடத்தில் கொஞ்சம் பிரித்துவிட்டு விலகிவிடும். நல்ல வேளையாக நம் சொல்லில் 'ஓடு' என்ற வினை இல்லை.

நிறப்புரி பற்றிய தடைக்கு என்னிடம் முழு விடை இல்லை. 'இழைபிரிப்பி' என்று மாற்றலாம். ஆனால் இழை என்றால் தனி நார் என்ற எண்ணமே முன்னிற்கும். மற்றொன்றோடு சேர்த்துத் திரிக்கப்பட்டது என்ற பொருள் புரியில்தான் உண்டு. டி.என்.ஏ. புரிபிரிப்பி, ஆர்.என்.ஏ. புரிபிரிப்பி என்று அடைகொடுத்தே எழுதினால் மயக்கம் பெரும்பாலும் தீரும். வெர்னர், புளூம் நோய்க்குறிகளைப் பற்றி எழுதும்போது இதைச் சோதித்துப் பார்த்தேன். "டி.என்.ஏ. புரிபிரிப்பி ஒன்றின் மரபணு பழுதானால் வெர்னர் நோய்க்குறி வருகிறது, இளமையிலேயே முதுமையின் அறிகுறிகள் தோன்றுகின்றன." இடறாமல் படிக்க முடிகிறது.

பட்டியலுக்கு இப்போதைக்கு:

ஹெலிகேஸ் – புரிபிரிப்பி
டோபோஐசோமெரேஸ் – முறுக்குத்தளர்த்தி (வரைவு)

இரண்டாவதை வரைவு என்று போட்டதற்குக் காரணம் கைரேஸ். டோபோஐசோமெரேஸ் வகைதான், ஆனால் அது தளர்த்துவதோடு நிற்காமல் எதிர்த்திசை முறுக்கையும் ஏற்றுகிறது. அதற்குத் தனி மடல் எழுதுகிறேன். அதுவரை 'தளர்த்தி'யை யாரும் விக்கியில் ஏற்றிவிடாதீர்கள்.