மலையடிவாரத்தில் கண்வலிப்பூ (செங்காந்தள்) பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பென்னாகரத்தான்:
ஆவணி மாசம், ஒகேனக்கல் போகிற இறக்கம். வண்டியை எதுக்கு நிறுத்தினேன் என்பதெல்லாம் வேண்டாம். உண்ணிச்செடிப் புதருக்கு மேலே செங்காந்தள், ஒரே ஒரு கொடி. அதன் அடியில் ஓர் ஆயா கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார், பூவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிழங்கு வந்தது, கலப்பை மாதிரி இரண்டு கை. ஒரு கையின் நுனி கடப்பாரை பட்டு நசுங்கி, மண்ணுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. "எதுக்கு ஆயா?" என்றேன். "வாங்கறவங்க இருக்காங்க சாமி" என்று கோணியில் போட்டுக்கொண்டார். முளை அந்த நுனியில்தானே இருக்கிறது! அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அஞ்செட்டி ராகிக்கொல்லை:
ஆயாவை ஏன் இழுக்கறீங்க? கோணிக்குக் காசு கொடுக்கிறவனைக் கேளுங்க. அப்புறம், "ஒரே ஒரு கொடி"யெல்லாம் கொஞ்சம் ஓவர். எங்க கொல்லை வேலியில் மழை விழுந்தாலே ஏறிவிடும். இலை நுனி சுருண்டு முள்கம்பியைப் பிடித்திருக்கும். ஒருதரம் பிரித்துப் பார்த்தேன், இலை கிழிந்ததே தவிர பிடி விடவில்லை. போன வருசம் வேலியைப் பிடுங்கிக் கல்கால் நட்டோம். அதுக்கப்புறம் கண்ணில் படவில்லை, அது வேற கதை.

அரூர் வாத்தியார்:
தீர்த்தமலை ஏறும்போது ஒரே கொடியில் மஞ்சளும் சிவப்பும் பார்த்தேன். கூட வந்தவர் இரண்டு ஜாதி என்று சாதித்தார். இல்லை, விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், முதிர முதிரச் சிவப்பு. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மாநிலப் பூ என்று ஆசைப்பட்டுக் காட்டுக் கிழங்கை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அதில் கோல்ச்சிசின் என்கிற விஷம் இருக்கிறது. சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் உண்டு, அவித்தாலும் விஷம் போகாது. முதலில் வாந்தி, பேதி. பிழைத்தவர்களுக்கும் முடி கொட்டும். கை வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வளர்த்தே தீருவேன் என்றால் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள், அவர்களிடம் கிழங்கு வாங்குங்கள். தண்ணீர் தேங்காத மண், ஏறுவதற்கு ஒரு பந்தல். கோடையில் கொடி காய்ந்தால் செத்துவிட்டது என்று தோண்டாதீர்கள், கிழங்கு உள்ளே உயிரோடுதான் இருக்கும். குழந்தை, ஆடு, மாடு இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பென்னாகரத்தான்:
வளர்ப்பதைப் பற்றி யார் சார் கேட்டது?

அஞ்செட்டி ராகிக்கொல்லை:
அதானே. 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் வந்ததில் தருமபுரி, கிருஷ்ணகிரின்னு நம்ம ரெண்டு மாவட்டக் காடும் சேர்ந்தது. காட்டுக்குள் தோண்டினால் கேஸ் போடலாம். கொல்லை வேலிக்கு யார் கேஸ் போடுவது? இன்னொன்று, இடம் பேரைப் பொதுவில் போடாதீங்க. கிழங்கு வாங்கறவனும் இதைப் படிப்பான். வாத்தியார் தீர்த்தமலைன்னு போட்டாச்சு.

அரூர் வாத்தியார்:
மலை முழுக்கத் தேடட்டும் விடுங்க. முட்டி கழன்றுவிடும்.