பிஎஸ்டபிள்யூவில (பராமரிப்பு உதவியாளர்) இருந்து ஆர்பிஎன் (டிப்ளோமா நேர்ஸ்) படிச்சவை ஆரும் இருக்கிறீங்களா?

வணக்கம், கனடாவில ஸ்காபரோவில இருக்கிற என்ர தங்கச்சி லோங் டேர்ம் கெயார் (முதியோர் பராமரிப்பு இல்லம்) ஒண்டில பிஎஸ்டபிள்யூவா வேலை செய்யிறா, இப்ப ஆர்பிஎன் படிக்கப்போறன் எண்டு நிக்கிறா. ரெண்டு வருச டிப்ளோமா, முடிய ரெக்ஸ்-பிஎன் எண்ட லைசென்ஸ் சோதனை, காலேஜ் ஒஃப் நேர்சஸில (நேர்ஸ்மாரைப் பதியிற சபை) பதிவு, இவ்வளவும் தெரியும்.

பிரச்சினை என்னெண்டா அவ ஊரில ஏ/எல் கொமர்ஸ் செய்தவ, பயோலஜி கெமிஸ்ட்ரி ஒண்டும் இல்லை. கிரேட் 12 பாடங்களை அடல்ட் ஸ்கூலில எடுக்கிறதோ, இல்லாட்டி ப்ரீ-ஹெல்த் எண்ட ஆயத்தப் படிப்பைச் செய்திட்டுப் போறதோ நல்லம்? பிளேஸ்மென்ட் (வேலைத்தலப் பயிற்சி) தொடங்கினா விடிய ஏழு மணிக்கே நிக்கோணுமாம், நைட் ஷிஃப்டும் செய்துகொண்டு அதைச் சமாளிச்சவை இருக்கிறீங்களா, சின்னப் பிள்ளை வேற இருக்கு.

சோதனையில கம்ப்யூட்டர் உங்கட பதிலைப் பாத்துத்தான் அடுத்த கேள்வி தருமாம், 90 கேள்வியில இருந்து 150 கேள்வி வரைக்கும் எதிலயும் நிக்குமாம், அதுக்கு என்ன பாத்துப் படிச்சனீங்கள்? பிரைவேட் காலேஜ் விளம்பரம் அனுப்பாதீங்கோ, ஃபீஸைக் கேட்டாலே தலை சுத்துது.

"நேரா பிஎஸ்சி நேர்சிங் செய்" எண்டு சொல்லுறவைக்கு: நாலு வருசம் சம்பளம் இல்லாம இருக்க ஏலாது, ஆர்பிஎன் ஆகி உழைச்சுக்கொண்டு பிறகு பிரிட்ஜிங் கோர்ஸில ஆர்என் (டிகிரி நேர்ஸ்) ஆகலாம் எண்டுதான் யோசினை. அப்பிடிப் போனவை இன்பொக்ஸில வாங்கோ ப்ளீஸ்.