மத்தியானம் மூணு மணிக்குத் தானா அணையும் பிசி

சத்துவாச்சாரி மாடிவீடு:

எங்க வீட்டுப் பழைய பிசி ஏப்ரல், மே வந்தா மத்தியானம் மூணு மணிக்குத் தானா அணைஞ்சிடும். ராத்திரி போட்டா ஒரு பிரச்சனையும் இருக்காது. மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற ரூம். நம்ம வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுற நாள்ல சுவத்துல கை வெச்சாலே சுடும். பொட்டி என்ன பண்ணும் பாவம்.

2015-ல காலேஜ் சேந்தப்ப வாங்கினது. இன்டெல் ஐ5 4460 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. அந்த கார்டைக் குறை சொல்ல எனக்கு இன்னும் மனசு வரல. வெறும் 60 வாட்டு, தனி பவர் கேபிள் கூட கேக்காது. ஒன்பது வருஷம் உழைச்சிருக்கு.

அணையறதுக்கு நானும் என்னென்னமோ செஞ்சேன். சைடு மூடியக் கழட்டிட்டு டேபிள் ஃபேன அது பக்கம் திருப்பி வெச்சேன். அம்மா வந்து பாத்துட்டு, "இன்னாடா இது, மனுசனுக்குக் காத்து இல்ல, பொட்டிக்கு ஃபேனா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் பஞ்சர் கடைக்குத் தூக்கிட்டுப் போய் தூசி போகக் காத்தடிச்சேன். தயவுசெஞ்சு யாரும் இத செய்யாதீங்க. கம்ப்ரசர் டேங்க்ல தண்ணி தேங்கியிருக்கும், காத்தோட அதுவும் சாரலா வரும். ஃபேன் விசில் அடிக்கிற மாதிரி சுத்திச்சு, அன்னியிலருந்து அதுக்கு ஒரு கிர்ர் சத்தம்.

கடைசியில பிராசசர் சூட்ட இழுக்கிற ஹீட்சிங்க கழட்டிப் பாத்தா, நெத்தியில பூசின சந்தனம் காஞ்சு வெடிக்குமே, அப்படி இருந்துச்சு ரெண்டுக்கும் நடுவுல சூட்டக் கடத்துற தெர்மல் பேஸ்ட். சொரண்டிட்டுப் புதுசு போட்டேன். 300 ரூபா செலவு. அணையறது அன்னியோட நின்னுடுச்சு! அதனால புதுசு வாங்கப் போறவங்க முதல்ல பேஸ்ட மாத்திப் பாருங்க.

அப்ப நான் ஏன் புதுசு வாங்கினேன்னு கேப்பீங்க. சூடு சரியாச்சு, கார்டோட சொந்த மெமரி, அந்த 2 ஜிபி விரேம் சரியாகலையே. புது கேம் எதப் போட்டாலும் தரை, சுவரு எல்லாம் மெழுகு உருகின மாதிரிதான் தெரியும். விண்டோஸ் 11-உம் இன்டெல்ல பெரும்பாலும் 8-வது தலைமுறைக்குக் கீழ ஏத்துக்காது, என்னுது 4.

2024 ஜூன்ல ஒரு சனிக்கிழமை காட்பாடியில ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் குச்சி ரெண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு. எல்லாம் சேத்து 85,000 பக்கம். கேபினெட்லதான் கடைக்காரரோட வாக்குவாதம். முன்பக்கம் முழுக்க கண்ணாடி போட்டதத் தூக்கி வெச்சு, "லைட்டு செமையா தெரியும் சார்"னாரு. அண்ணே, லைட்டு தெரியும், காத்து எங்க போகும்? நம்மூருக்கு முன்னாடி வலை வெச்சதுதான் சரி. பிடிவாதமா அததான் வாங்கினேன். திரும்பி வரப்ப கார்டு பெட்டிய சீட்டுக்கு மேல வெக்க மனசு வராம காட்பாடி வரைக்கும் மடியிலயே வெச்சிருந்தேன்.

ராத்திரி பத்தரைக்கு எல்லாம் மாட்டி முடிச்சு பட்டன அமுக்கினேன். ஃபேன் சுத்துது, திரை கருப்பு. போர்டு ஓரத்துல ரேம்னு எழுதின இடத்துல குட்டியா ஒரு மஞ்ச லைட்டு. அணைச்சேன், ரேமக் கழட்டி மாட்டினேன், போட்டேன். அதே லைட்டு. இப்படியே நாலு தடவ. வயித்துல புளியக் கரைச்சுது. விஐடில என்கூடப் படிச்சவனுக்கு போன் போட்டா அவன் சிரிக்கிறான். "டிடிஆர்5 முதல் தடவ ரேமப் பழகிக்க பல நிமிசம் எடுக்கும்டா. நீ நடுவுல நடுவுல அணைச்சா அது மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கும். கைய வெக்காத, போய் டீ போட்டுக் குடி"ன்னான். டீ போட்டேன். பாதி டம்ளர் குடிக்கிறதுக்குள்ள திரையில எழுத்து வந்துடுச்சு.

ராணிப்பேட்டை கேமர்:

ப்ரோ, நீங்க பரவால்ல, என் கதைய கேளுங்க. எனக்கும் இதே 7600, இதே 4060. மூணு வாரமா கேம் செகண்டுக்கு 15 ஃப்ரேம் தாண்டல. போலி கார்ட கட்டி விட்டுட்டாங்கன்னு கடையில போய் கத்திட்டு வந்தேன். தம்பி பின்னாடி எட்டிப் பாத்துட்டு, "அண்ணா, மானிட்டர் ஒயரு போர்டுல இருக்கு, கார்டுல இல்ல"ன்னான். 7600-க்குள்ளயே சின்னதா ஒரு கிராஃபிக்ஸ் இருக்கா, அதனால போர்டுல சொருகினாலும் படம் வந்துடுது, சந்தேகமே வரல. ஒயர மாத்தினதும் பறக்குது. அந்தக் கடைப்பக்கம் போகத்தான் இன்னும் கூச்சமா இருக்கு.

இன்னொண்ணு, போர்டோட பயோஸ் செட்டிங்ல ரேம முழு வேகத்துல ஓட்டற எக்ஸ்போவ ஆன் பண்ணீங்களா? இல்லன்னா 6000 வேக ரேமுக்குக் காசு குடுத்துட்டு 4800-லதான் ஓட்டிக்கினு இருப்பீங்க.

குடியாத்தம் பெரியவர்:

தம்பிங்களா, ஒரு விசயம் கேக்கறேன். கேபினெட் ஸ்க்ரூவத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதா? எங்க வீட்ல பையன் மிஷின் அப்படித்தான் இழுத்துச்சு. உள்ள இருக்கிற பவர் சப்ளைய ரெண்டு தடவ மாத்திட்டான். வயரிங்காரர் வந்து பாத்தா எர்த் குழி காஞ்சு கெடக்கு. உப்பும் கரியும் போட்டுப் பொதச்சா மட்டும் போதாது, கோடையில ஈரம் இல்லன்னா அந்த எர்த் வேலை செய்யாது. ரெண்டு குடம் தண்ணி ஊத்தினோம், இழுக்கறது நின்னுது.

யூபிஎஸ்ஸும் பாத்துக்குங்க. பழைய 600 விஏ தாங்குறது சுமார் 360 வாட்டுதான். மானிட்டரும் சேந்து அதுலயே ஓடுனா, கேம் நடுவுல கரண்ட் போறப்ப கூவிட்டுக் கவுந்தாலும் கவுந்துடும்.

சத்துவாச்சாரி மாடிவீடு:

ஐயா, நீங்க எழுதினதப் படிச்சுட்டு டெஸ்டர் எடுத்து கேபினெட்ல வெச்சேன். மினுக்குன்னு எரியுது! எர்த் குழி எங்க இருக்குன்னு அப்பாவக் கேட்டா, துணி துவைக்கிற கல்லுக்கு அடியிலயாம். இப்ப கல்லப் பொரட்டிக்கிட்டு இருக்கோம். எக்ஸ்போவும் ஆன் பண்ணல ப்ரோ, ஒரு வருசமா 4800-லதான் ஓடியிருக்கு.