குளியலறை வாசல் 24 அங்குலம்: பக்கவாதம் வந்தவருக்கு எந்த நாற்காலி?

மதுரை நண்பர்களே, இடப்பக்கம் செயலிழந்த 62 வயதுப் பெரியவருக்கு வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். 18 அங்குல இருக்கை வீல்சேரின் வெளியகலமே 25, 26 வரும், வாசலில் நுழையாது. உள்ளே இருப்பதோ இந்தியன் டாய்லெட்.

சின்னச் சக்கரம் வைத்த, 22 அங்குலத்துக்குள் அடங்கும் கமோடு நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா? நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்க வேண்டும். பின்னால் மட்டும் இருந்தால் ஈரத் தரையில் முன்பக்கம் திரும்பி, உட்காரும்போதே நழுவும். பக்கக் கைப்பிடி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டிலிலிருந்து அவருடைய வலப்பக்கமாக நகர்த்த முடியும். இருக்கை கட்டில் உயரத்துக்கு இருந்தால் நல்லது. (இடக்கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு இறங்கிவிடும் என்று வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது.)

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிந்தால், பிசியோ வீட்டுக்கு முதல் தடவை வர எத்தனை நாள் ஆகிறது?